எங்கள் பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள், எங்கே விளையாடுகிறார்கள்?

(தோட்டத் தலைவர்களும் மாதர் தலைவிகளும் கலந்துகொண்ட ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



கிழமையில் துணி துவைக்க, விறகு சேர்க்க, பிள்ளையின் தலையை வாரிவிட உங்களுக்குக் கிடைக்கிற ஒரே நாள் இது. அதைக் கூட்டத்துக்குக் கொடுத்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

இன்றைய பேச்சு ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் சாப்பாட்டைப் பற்றியும் விளையாட்டைப் பற்றியும் என்று சொன்னதும், "இது சங்கத்தின் வேலையா? மிட்வைப் மிஸ்ஸின் வேலை அல்லவா?" என்று சில தலைவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் ஒரு கணக்கில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு அரசாங்கம் நாடு முழுவதும் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் நூற்றுக்கு 32 பேர். உங்கள் லயத்தில் மூன்று பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினால் அதில் ஒரு பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைச் சொன்னால் உடனே வருகிற பதில் நமக்கெல்லாம் தெரியும். "அப்பனும் கட்டை, தாத்தாவும் கட்டை, பிள்ளை மட்டும் எப்படி வளரும்? நம்ம ஆட்களே அப்படித்தான்." துரைமார் சொன்னாலும் சரி, நம் பாட்டிமார் சொன்னாலும் சரி, இது உண்மையல்ல. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, பிரேசில், கானா, நோர்வே, ஓமான், அமெரிக்கா என்று ஆறு நாடுகளில் பிள்ளைகளை அளந்து பார்த்தது. தாய்ப்பாலும் நல்ல சாப்பாடும் சுத்தமான தண்ணீரும் கிடைத்த பிள்ளைகள் ஐந்து வயது வரை எல்லா நாட்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்ந்தார்கள். இந்தியப் பிள்ளை நோர்வேப் பிள்ளைக்குக் குறைந்து போகவில்லை. அந்த அளவை வைத்து 2006இல் போட்ட வளர்ச்சிக் கோடுகளை வைத்துத்தான் இன்று பிள்ளைகளை அளக்கிறார்கள். ஆகவே நம் பிள்ளை கட்டையாக இருப்பது இரத்தத்தில் வந்ததல்ல. தாயின் வயிற்றில் இருக்கும்போதும் பிறந்து இரண்டு வயதாகும் வரையிலும் கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். கிடைக்காததைக் கேட்பது சங்கத்தின் வேலை இல்லையென்றால் வேறு எதுதான் சங்கத்தின் வேலை?

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வெளியிலிருந்து வந்து பேசுகிறவர்கள் பலர், தோட்டத்துத் தாய்க்குச் சமைக்கத் தெரியாது, பிள்ளை வளர்க்கத் தெரியாது என்ற தோரணையில் பேசிவிட்டுப் போகிறார்கள். பழம் கொடுங்கள், மீன் கொடுங்கள், பால் கொடுங்கள் என்று படம் போட்ட தாளைக் கொடுத்துவிட்டு வாகனம் ஏறிவிடுவார்கள். காலை நாலரைக்கு எழுந்து, ரொட்டி தட்டி, மூத்ததைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தி, இளையதைத் தூக்கிக்கொண்டு பெரட்டுக்கு ஓடி, கொழுந்துக் கூடையோடு மலையேறும் பெண்ணுக்குப் பிள்ளைமேல் அக்கறை இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வரக்கூடாது. நாள் சம்பளத்துக்கும் கடை விலைக்கும் உள்ள தூரம்தான் முதல் காரணம். அந்தத் தூரத்தைக் குறைக்கும் போராட்டம் ஒரு பக்கம் நடக்கத்தான் வேண்டும், நடக்கும். ஆனால் சம்பளம் கூடும் வரை பிள்ளை வளராமல் காத்திருக்காது. இரண்டு வயதுக்குள் நழுவிப் போகும் உயரத்தைப் பின்னால் முழுமையாகப் பிடிக்க முடியாது. ஆகவே இன்றைக்கு நம் கையில் உள்ளதில் என்ன செய்யலாம், தோட்ட நிர்வாகத்திடம் எதைக் கேட்டு வாங்கலாம், இரண்டையும் பார்ப்போம்.

முதலில் தேத்தண்ணியை எடுத்துக்கொள்வோம். தேயிலையைக் குறை சொல்கிறோம் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். நம் சோறு அதில்தான் இருக்கிறது. பெரியவர்கள் தாராளமாகக் குடியுங்கள். ஆனால் பிள்ளைக் காம்பராவுக்குப் போய்ப் பாருங்கள். ஒரு வயதுப் பிள்ளையின் சூப்பிப் போத்தலில் என்ன இருக்கிறது? பல இடங்களில் சீனி போட்ட பிளேன்டீ. பால்மா விலை ஏறியதிலிருந்து இது இன்னும் கூடியிருக்கிறது. தேத்தண்ணியில் பிள்ளை வளர்வதற்கு ஒன்றும் இல்லை. இருப்பது சீனி மட்டும்தான். அதற்கும் மேலே, தேயிலையில் உள்ள சாயச்சத்து, சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. பருப்பிலும் கீரையிலும் இருக்கும் இரும்புச்சத்தைத்தான் அது அதிகம் பிடிக்கும். நாம் பெரும்பாலும் சாப்பிடுவது அந்தப் பருப்பும் கீரையும்தானே? ஆகப் பிள்ளை கீரை சாப்பிட்டும் இரத்தம் ஊறாமல் வெளுத்துப் போகிறது. இரத்தம் குறைந்த பிள்ளை சோர்ந்து போய் மூலையில் உட்காரும், விளையாடாது, அடிக்கடி காய்ச்சல் வரும், பள்ளிக்கூடத்தில் கவனம் நிற்காது. "நல்ல அமைதியான பிள்ளை" என்று நாம் சந்தோஷப்படும் சில பிள்ளைகள் உண்மையில் இரத்தம் குறைந்த பிள்ளைகளாக இருக்கலாம்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம், தண்ணீர் கூட வேண்டாம். ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பாலோடு கொதித்தாறிய தண்ணீர் போதும். சூப்பிப் போத்தலைத் தூக்கி எறிந்துவிட்டுக் கோப்பையில் கொடுங்கள். அந்தப் போத்தலின் இறப்பரைச் சரியாகக் கழுவ லயத்தில் யாருக்கு வசதி இருக்கிறது? வயிற்றோட்டம் அதிலிருந்தும் வருகிறது. பெரிய பிள்ளைகள் அடம்பிடித்தால், சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்காமல் ஒரு மணித்தியாலம் தள்ளியாவது கொடுங்கள். கர்ப்பிணித் தாய்மாருக்கும் இதே கதைதான். கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் மாத்திரையின் பயன் குறைந்துபோகும். வெறும் தண்ணீரில் போடுங்கள். தேசிக்காய்த் தண்ணீர் என்றால் இன்னும் நல்லது.

அடுத்தது கஞ்சித் தண்ணி. எட்டு மாதப் பிள்ளையின் வயிறு எவ்வளவு பெரிது? ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு. அந்தச் சின்ன இடத்தைத் தண்ணியாகக் கரைத்த கஞ்சியால் நிரப்பினால் வயிறு நிறையும், பிள்ளை அழாது, ஆனால் வளராது. கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாமல் ஒட்டி நிற்கும் பதத்தில் சாப்பாடு இருக்க வேண்டும். சோற்றையும் பருப்பையும் நன்றாகக் குழைத்து, அரைத் தேக்கரண்டி தேங்காய் எண்ணெயோ கொஞ்சம் தேங்காய்ப் பாலோ விட்டு, வறுத்து இடித்த நெத்தலித் தூளைத் தூவிக் கொடுத்துப் பாருங்கள். நெத்தலியை எலும்போடு இடிப்பதால் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் அதில் போய்விடும். ஒரு போத்தலில் இடித்து வைத்தால் கிழமைக்குக் காணும். ஆறு மாதத்தில் இரண்டு மூன்று வேளை என்று தொடங்கி, ஒன்பது மாதத்திலிருந்து மூன்று நாலு வேளை கொடுக்க வேண்டும். மலைக்குப் போகும் தாய் இதை எப்படிச் செய்வாள்? தனியாகச் செய்ய முடியாது. அதனால்தான் பிள்ளைக் காம்பராவைப் பற்றிப் பிறகு பேசப் போகிறோம்.

திரிபோஷாவையும் சொல்லாமல் விட முடியாது. சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்த்துச் செய்த மா அது. நிறை குறைந்த பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் கிளினிக்கில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். அது வீட்டுக்கு வந்ததும் என்ன நடக்கிறது? தேங்காயும் சீனியும் போட்டுப் பிசைந்து, பள்ளிக்கூடம் விட்டு வந்த நாலு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு உருண்டை. பசித்த பிள்ளைகள் சுற்றி நிற்கும்போது ஒன்றுக்கு மட்டும் எப்படிக் கொடுப்பது? தாயின் சங்கடம் நமக்குப் புரிகிறது. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பைக்கட் அந்தச் சின்னப் பிள்ளைக்கு மருந்து மாதிரி. அதைத் தனி டின்னில் போட்டு, பிள்ளையின் பெயரை எழுதி வையுங்கள். மற்றப் பிள்ளைகளுக்கு அவித்த கடலையோ பயறோ, வேலியில் இருக்கும் கொய்யாவோ கொடுங்கள். கிளினிக்கில் திரிபோஷா தட்டுப்பாடு வந்தால், எந்தத் தோட்டம், எந்த மாதம் என்று குறித்து எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள். அதைக் கேட்கும் இடத்தில் நாங்கள் கேட்போம்.

சம்பள நாளைப் பற்றி ஒரு வார்த்தை. அன்றைக்கு டவுனுக்குப் போய் வரும் அப்பா வெறுங்கையோடு வரக்கூடாது என்பது நம் வழக்கம். பாசத்தில் வாங்குவதுதான். ஆனால் வாங்குவது கலர் சோடா, கிரீம் பிஸ்கட், காற்றடைத்த முறுக்குப் பைக்கட். சோடாப் போத்தலில் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்று ஒரு வட்டம் போட்டிருக்கிறதே, பார்த்திருக்கிறீர்களா? 2016இலிருந்து சட்டப்படி போடுகிறார்கள். சிவப்பு என்றால் நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி. அப்படிப் பார்த்தால் 400 மில்லிலீற்றர் சிவப்புப் போத்தல் ஒன்றில் குறைந்தது ஒன்பது தேக்கரண்டிக்குக் கிட்டச் சீனி இருக்கிறது. நம் வீட்டுச் சீனிப் போத்தலிலிருந்து ஒன்பது கரண்டி அள்ளிப் பிள்ளைக்கு ஊட்ட நமக்கு மனசு வருமா? அதே கிரீம் பிஸ்கட் காசுக்கு இரண்டு முட்டை வாங்கலாம். ஒரு முட்டையை அவித்துப் பிள்ளையின் கையில் கொடுங்கள், அதுவும் அப்பா வாங்கி வந்த சாமான்தான். அதே சம்பள நாளில் சாராயக் கடைக்கும் ஒரு பங்கு போகிறது என்பதை இங்கே உட்கார்ந்திருக்கும் ஆண்களுக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை. அக்காமார் சிரிக்கிறார்கள், ஆகவே விஷயம் புரிந்திருக்கிறது.

சீனியைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முன்பெல்லாம் நீரிழிவு டவுன்காரர் வியாதி என்றிருந்தோம். இன்று லயத்துக்கு லயம் சீனி வியாதிக்கு மாத்திரை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறந்து, சின்ன வயதில் போஷாக்கில்லாமல் இருந்த பிள்ளை, பின்னால் மாவும் சீனியுமாகச் சாப்பிட்டு உடம்பு வைத்தால் அந்த வியாதி வரும் ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல். மெலிந்த பிள்ளைக்குச் சீனியைக் கொடுத்துத் தேற்றலாம் என்று நினைப்பது அந்தப் பாதையில் கொண்டுபோய் விடும்.

காலையில் கோதுமை மா ரொட்டி, மலையில் ரொட்டி, பின்னேரம் பிள்ளைக்கும் மிச்ச ரொட்டி. ரொட்டியை நிறுத்துங்கள் என்று நாங்கள் சொல்லப் போவதில்லை, அது நடக்கிற காரியமும் இல்லை. அதோடு தொட்டுக்கொள்வதை மாற்றலாம். சம்பலோடு பருப்பும் இருக்கட்டும், மாவிலேயே அரிந்த கீரையைப் போட்டுத் தட்டலாம். சவ்சவ் கொடி நம் வேலிகளில் எவ்வளவு படர்ந்து கிடக்கிறது! காயை விற்கிறோம், கொழுந்தை மாட்டுக்குப் போடுகிறோம். அந்தக் கொழுந்தைச் சுண்டிப் பாருங்கள். வல்லாரை, பொன்னாங்காணி, பூசணி இலை எல்லாம் காசு கேட்காதவை. லயத்துக்குப் பின்னால் துண்டு நிலம் இருப்பவர்கள் லீக்ஸும் கோவாவும் போட்டு முழுவதையும் கடைக்கே அனுப்பாமல், ஒரு பாத்தியைப் பிள்ளைக்கென்று ஒதுக்குங்கள். நிலம் இல்லாத லயங்களுக்குத் தோட்டத்தில் சும்மா கிடக்கும் நிலத்திலிருந்து ஒரு துண்டைக் கேட்பது நம் கோரிக்கையில் ஒன்று.

இப்போது பிள்ளைக் காம்பரா.

ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம், பெயர் வேண்டாம். பிரசவ விடுமுறை முடிந்து வேலைக்கு வந்த தங்கை ஒருத்தியை மேல் மலையில் போட்டார்கள். பிள்ளைக் காம்பரா கீழே தொழிற்சாலைப் பக்கம். இறங்க இருபது நிமிடம், ஏற அரை மணித்தியாலம். பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தால் கொழுந்து நிறுவை குறைகிறது என்று கணக்குப்பிள்ளை அரைப் பெயர் போட்டார். இரண்டு கிழமை பொறுத்துப் பார்த்தாள். பிறகு போவதை நிறுத்திவிட்டாள். மார்பு கட்டிக் காய்ச்சல் வந்தது. பால் வற்றியது. பிள்ளைக்குப் போத்தல் வந்தது, அந்தப் போத்தலில் வந்தது பிளேன்டீ. கிளினிக் புத்தகத்தில் பச்சைப் பகுதியில் ஏறிக்கொண்டிருந்த கோடு அடுத்த இரண்டு மாதத்தில் படுத்துவிட்டது. இதில் அந்தத் தாய் செய்த பிழை எது என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். மகப்பேற்று நன்மைகள் சட்டத்தின்படி 84 நாள் விடுமுறை. முன்பு மூன்றாவது பிள்ளையிலிருந்து அது பாதியாகக் குறைந்தது. 2018இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள்தான். வேலைக்குத் திரும்பிய பிறகு, பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை, ஒன்பது மணித்தியால வேலைக்குள் இரண்டு தடவை பால் கொடுக்கும் நேரம் தர வேண்டும். பிள்ளைக் காம்பரா இருந்தால் ஒவ்வொரு தடவையும் அரை மணித்தியாலத்துக்குக் குறையக்கூடாது, இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். இது துரை பார்த்துக் கொடுக்கும் சலுகை அல்ல, சாப்பாட்டு நேரத்தில் கழிப்பதும் அல்ல. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அரை மணித்தியாலம் என்று சட்டம் எழுதியவர் நம் மலையை ஏறிப் பார்த்திருக்க மாட்டார். போகும் வழியிலேயே நேரம் முடிந்துவிட்டால் அந்த உரிமை தாளில்தான் இருக்கும். அதனால் அந்தத் தோட்டத்தில் நாம் கேட்டது ஒன்றே ஒன்று. கைப்பிள்ளை உள்ள தாய்மாரைப் பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்து மலையில் போட வேண்டும், பால் கொடுக்கப் போன நேரத்துக்காகப் பெயரில் கை வைக்கக்கூடாது. மூன்று தடவை பேசிய பிறகு நிர்வாகம் ஒத்துக்கொண்டது. அவர்களுக்கு அதில் ஒரு சதம் நட்டமில்லை. இதையே எல்லாத் தோட்டத்திலும் கேட்கலாம்.

விடுமுறை முடியும்போது பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகியிருக்காது. ஆகவே காலையில் பாலைப் பிழிந்து வைத்துவிட்டுப் போகும் பழக்கத்தைப் பிள்ளைக் காம்பரா அம்மாவும் தாயும் சேர்ந்து தொடங்க வேண்டும். கொதிநீரில் கழுவிய மூடிபோட்ட கோப்பையில் பிழிந்து வைத்தால் நம் மலைக் குளிரில் நாலு மணித்தியாலம் தாராளமாக இருக்கும். கரண்டியால் புகட்டலாம். பாட்டிமார் முகம் சுளிக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறோம். சுளித்தாலும் பேரப்பிள்ளையின் நிறை ஏறுவதைக் கண்டால் சரியாகிவிடுவார்கள்.

விளையாட்டுக்கு வருவோம். ஒரு வயதிலிருந்து நாலு வயது வரையான பிள்ளை ஒரு நாளில் மூன்று மணித்தியாலமாவது ஓடி, ஏறி, குதித்து உடம்பை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் காலத்தில் இதை யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. டயர் ஓட்டினோம், கிளித்தட்டு மறித்தோம், கூப்பிட்டாலும் வீட்டுக்கு வரமாட்டோம். இன்று சாயந்தரம் லயத்தில் நடந்து போனால் இஸ்தோப்பில் பிள்ளைகள் தலை குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு வயதுக்குள் போன் வேண்டவே வேண்டாம். அதற்கு மேல் நாலு வயது வரை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது. போனைக் காட்டிச் சோறு ஊட்டினால் பிள்ளைக்குப் பசியும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது.

ஆனால் தாய்மார் சொல்லும் பயமும் பொய்யல்ல. மலைப்பக்கம் விட்டால் குளவி, சிறுத்தை. ரோட்டில் விட்டால் லொறி. ஆனி, ஆடி மழையில் வெளியே இறங்கவே முடியாது. போனைப் பறித்துவிட்டு வேறு இடம் காட்டாவிட்டால் பிள்ளை எங்கே போகும்? ஆகவே லயத்துக்கு ஒரு சமதரைத் துண்டு, சுற்றி வேலி, காணில் ஒரு பலகை மூடி. இதைக் கேட்போம். வேலியை நாமே சிரமதானமாகப் போட்டுக்கொள்ளலாம். மழை நாளில் இஸ்தோப்பில் கரிக்கட்டியால் கட்டம் கீறி நொண்டி விளையாட விடுங்கள். பாட்டுப் பாடிக் கைதட்டிக் குதிக்க விடுங்கள், சத்தம் போட்டால் போடட்டும். தண்ணீர் எடுக்கப் போகும்போது மூன்று வயதுப் பிள்ளையின் கையிலும் ஒரு சின்னப் போத்தலைக் கொடுத்து நடத்திக் கூட்டிப் போங்கள். இதைக் கொஞ்சம் அப்பாமார் ஏற்றுக்கொண்டால் அம்மாவுக்கும் அடுப்படியில் அரை மணித்தியாலம் மிஞ்சும்.

பூச்சி மருந்து, கக்கூசு, கை கழுவுவது பற்றியெல்லாம் உங்களுக்குத் தெரியும். வயிற்றில் பூச்சி இருந்தால் ஊட்டுவதெல்லாம் பூச்சிக்கு என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறோம்.

இனிச் செய்ய வேண்டியது. வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் கிளினிக் புத்தகத்தை எடுத்து வளர்ச்சிக் கோட்டைப் பாருங்கள். ஏறுகிறதா, படுத்திருக்கிறதா, இறங்குகிறதா? படிக்கத் தெரியாதவருக்கும் கோடு தெரியும். படுத்திருந்தால் அடுத்த கிளினிக் வரை காத்திராமல் மிட்வைப் மிஸ்ஸிடம் போங்கள். அன்றைக்குப் பெயர் போய்விடும் என்று பயந்தால் மாதர் தலைவியிடம் சொல்லுங்கள், நாங்கள் பேசுகிறோம்.

மாதர் தலைவிகள் இந்தக் கிழமைக்குள் தங்கள் டிவிஷன் பிள்ளைக் காம்பராவுக்குப் போய்ச் சில விஷயங்களை எழுதிக்கொண்டு வாருங்கள். எத்தனை பிள்ளைகள், அதில் ஒரு வயதுக்குக் கீழ் எத்தனை, தாய்மார் எந்த மலையில் நிற்கிறார்கள், பகலில் பிள்ளைக்கு அங்கே என்ன கொடுக்கிறார்கள், அடுப்பும் குடிதண்ணீரும் இருக்கின்றனவா, விளையாட இடம் உண்டா. ஒரு கொப்பித் தாள் போதும். தோட்டத் தலைவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த லேபர் டேயில் துரையிடம் பேசுங்கள். பால் கொடுக்கும் நேரம், பக்கத்து மலை, விளையாட்டுத் துண்டு, கீரைப் பாத்திக்கு நிலம் ஆகிய நான்கையும் எழுத்தில் கொடுத்து, பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். கையொப்பம் போட மறுத்தால் திகதியையும் நேரத்தையும் குறித்து மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். அடுத்த கூட்டத்தில் முதலாவதாக அந்தத் தாள்களைத்தான் எடுப்போம்.